பின்பக்கம் என் பாடு

"முன்பக்கம் உன் பாடு, பின்பக்கம் என் பாடு" என்றேன்.

"கொஞ்சம் மரியாதையா சொல்லு. பக்கத்துல யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?" என்று சிரித்தாள் என் மனைவி. பிறகு காலை நீட்டிக்கொண்டு, "ரெண்டுக்கும் ஜாவாஸ்கிரிப்டே போதும்டா. ஒரே மொழின்னா, யாரு இல்லாட்டியும் இன்னொருத்தர் பாத்துக்கலாம்" என்றாள்.

யாரு இல்லாட்டியும். மணமாகி ஓராண்டுகூட ஆகாத பெண் பேசுகிற பேச்சா இது?

நாங்கள் கட்டவிருந்தது, வயதானவர்களுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் இணையச் செயலி. போட்டாச்சு என்று பொத்தானை அழுத்தும்வரை விடாமல் மணியடிக்கும். திரையில் தெரிவது முன்பக்கம். யாருக்கு எப்போது மணியடிப்பது என்று உள்ளேயிருந்து தீர்மானிப்பது பின்பக்கம். முதல் பயனர் என் மாமனார். வேறு ஊரில் தனியாக இருந்தார். இதய நோயாளி, மறதிக்காரர், தங்கமான மனிதர். "மாப்பிள்ளை, உங்க மணி என்னை நிம்மதியா தூங்க விடறதில்ல" என்று அன்பாகக் குறைபட்டுக்கொள்வார்.

பின்பக்கத்துக்கு ஹாஸ்கெல் என்ற கணினி மொழியைத் தேர்ந்தெடுத்தேன். கண்டிப்பான மொழி. எழுதியதில் பிழை கண்டால் ஓடவே மறுக்கும். உயிர் சம்பந்தப்பட்ட காரியமாயிற்றே என்றேன், அவளும் தலையாட்டினாள். எங்கள் வட்டாரத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது கூடுதல் வசதி.

நான் பழைய காலத்துக் கணவன் இல்லை. போகாதே என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வெளியூர் வேலை ஒன்று வந்தபோது நானே பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அவள் கிளம்பும் வாரத்தில், பின்பக்கத்தை ஓட்டும் சர்வர் கணினி படுத்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் காச்சுமூச்சென்று கத்தினார்கள். பெட்டி பரணுக்குத் திரும்பியது. அடுத்த வேலை வந்தபோதும் அதே கதை.

"உன் பின்பக்கத்துக்கு என்மேல என்னடா கோவம்?" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாம் முறை என்னிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்துவிட்டாள். இனியும் சர்வரைப் படுக்கவைத்தால் சந்தேகம் வரும். அதனால் மணிகளை மட்டும் நிறுத்தினேன். ஹாஸ்கெல் ஒரு முனகல்கூட முனகவில்லை. அது பிழையைத்தான் பிடிக்கும். நான் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. மாமனாரை மட்டும் விட்டுவைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு மனிதருக்கு ஒரு நியாயம், ஊராருக்கு ஒரு நியாயம் என்பது எனக்குப் பிடிக்காது.

யாராவது புகார் சொல்வார்கள், அவள் தங்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். முதல் தொலைபேசி மாமனாரின் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாராம். மூச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பினோம். அவள் எங்கும் போகவில்லை. துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் என்னிடம் எதையோ கேட்க வாயெடுப்பாள், விழுங்கிவிடுவாள். பிள்ளை வேண்டுமென்று கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். ஜன்னலோரம் தொட்டிலுக்கு இடம்கூடப் பார்த்துவைத்தேன்.

நேற்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நீ சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன். சொல்லும்மா."

"எனக்கு ஹாஸ்கெல் சொல்லிக் குடு. அப்பாவுக்கு ஏன் மணி அடிக்கலன்னு நானே படிச்சுப் பாக்கணும்."