ஷரிபுதீன் காக்கா முடிக்காத திருத்தம்

மேடையிலிருக்கும் மௌலவி அவர்களே, வைத்தியர் அவர்களே, வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் என் சொந்தங்களே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் குருதிக் கொடையாளர் சங்கத்தின் மறைந்த தரவுத்தளப் பொறுப்பாளர், மர்ஹூம் அல்ஹாஜ் ஷரிபுதீன் அவர்களைப் பற்றிப் பேச, சங்கத் தலைவன் அழகரெத்தினம் வந்திருக்கிறேன். புகழ்ந்துவிட்டுப் போக மட்டும் வரவில்லை.

யார் இந்த ஷரிபுதீன்? ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். நாவிதன்வெளியில் ஒருவருக்கு இரத்தம் வேண்டுமென்றால், திருக்கோவிலில் அதே வகை யாரிடம் உண்டென்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லும் சேவையகத்தைக் கட்டியவர்! "உள்ளுக்க என்ன காக்கா நடக்குது?" என்று கேட்டால் சிரிப்பார். "கேள்வி வந்தா, எந்த வழியால தேடினாக் கெதியாக் கிடைக்கும் எண்டு முதல்ல ஒருத்தன் யோசிப்பான் சேர். அடிக்கடி கேக்கிறது நினைவகத்தில இரிக்கும். மிச்சமெல்லாம் வன்வட்டில. ரெண்டு பேர் ஒரே இடத்தில கை வெக்காமப் பாக்கத்தான் பூட்டு."

சென்ற மாரியில் மின்சாரம் போய்ச் சேவையகம் விழுந்தது. நான் கத்தினேன். "ஏன் சேர் கத்துறீங்க? எந்தத் திருத்தத்தையும் அது முதல்ல பதிவுக் கோப்பில எழுதிப் போடும். எழும்பினதும் அதப் பாத்து, முடிஞ்சத வெச்சிக்கும், முடியாததத் தூக்கி எறிஞ்சிரும்." அப்படியே நடந்தது. ஒரு பெயர் கூடத் தவறவில்லை!

அந்த மனிதர், கொடையாளர்களின் பழைய தொலைபேசி இலக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார்; பிறகு எழவேயில்லை. அட்டவணை முழுவதையும் பூட்டிவிட்டுத் திருத்தியவர், முடித்துவைக்கும் கட்டளையைக் கொடுக்கவில்லை. அவர் கணினி இன்னும் ஓடுகிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. அவருக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் றிஸ்மி அழுதார்: "அந்தக் கணினிட இணைப்ப வெட்டினா காக்கா திருத்தினது அவ்வளவும் அழிஞ்சி போகும் சேர். எனக்குக் கை வருகுதில்ல." எனக்கும் வரவில்லை. அவர் தொட்ட கடைசி வேலை என்று அப்படியே விட்டோம்.

இது மரியாதையா? சொல்லுங்கள்! பூட்டிய அட்டவணையில் புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியவில்லை. தேடினால் பழைய இலக்கங்களே வருகின்றன. நேற்று, தம்பிலுவில் யசோதினிக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. நாங்கள் அழைத்த இலக்கமெல்லாம் பாவனையில் இல்லை! பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் கூவித்தான் ஒருவரைப் பிடித்தோம். பிள்ளை சுகம். தாய் இன்னும் தீவிர சிகிச்சையில்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணவனை இழந்து இத்தா எனும் துக்கக் காத்திருப்பில் இருக்கும் அவர் மனைவி சபியா உம்மா திரைக்குப் பின்னாலிருந்து கதைத்தார். "அடக்கத்துக்கு ஜனாஸா தூக்க முந்தி எங்கட மகன் சபையில கேட்டானே சேர், வாப்பாக்கிட்ட ஆருக்கும் ஹக்கு, குடுக்கவேண்டிய கடன், இரிந்தாச் சொல்லுங்க எண்டு. அந்தத் தம்பிலுவில் புள்ளைக்கும் ஹக்கு இரிக்கிதானே? அவர்ட வேலை அழிஞ்சா அழியட்டும். அவரால ஒரு உசிர் காத்துக் கிடக்கப்படா. வெட்டிப் போடுங்க."

ஆகவே, துஆப் பிரார்த்தனை முடிந்ததும் நானும் றிஸ்மியும் போய் அந்த இணைப்பை வெட்டுகிறோம். ஷரிபுதீன் திருத்தியதெல்லாம் அழியும். ஊர் ஊராகக் கேட்டு அத்தனையையும் திரும்பப் பதிவோம். இது அவர் மீது நாங்கள் செய்யும் சபதம். றிஸ்மி குறிப்பேட்டோடு வாசலில் நிற்கிறார். உங்கள் இலக்கத்தைக் கொடுக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகாதீர்கள்!