வலது பக்க நாற்காலி

கேப்டன்: ...அறிக்கையில அந்த வரியை அடிச்சுடு. ‘கேப்டன் தயங்கினார்’னு வேண்டாம்.

துணை: அப்புறம் என்னன்னு எழுதறது சார்?

கேப்டன்: ‘யோசித்தார்’னு போடு.

துணை: இருபத்திரெண்டு செகண்டு யோசிச்சீங்களா?

கேப்டன்: ஏன், யோசிக்கக் கூடாதா? முப்பது வருஷமா விண்கப்பல் ஓட்டறேன். இருபத்திரெண்டு செகண்டு யோசிக்க எனக்கு உரிமை இல்லையா?

துணை: காத்து வெளியே போயிட்டிருக்கும்போதா? சார், தலைமை ஆபீஸ்காரங்க பச்சைக் குழந்தைங்க இல்ல. இன்னும் அரை மணி நேரத்துல இந்தத் திரையில வந்து உக்காருவாங்க. மூணாம் அறைச் சுவத்துல விண்கல் பட்டு ஓட்டை விழுந்தது எப்போன்னு கருவி சொல்லிடும். கதவை மூடினது எப்போன்னும் அதுவே சொல்லிடும். நடுவுல இருபத்திரெண்டு செகண்டு. அதுக்கு ஒரு பதில் வேணும்.

கேப்டன்: அதான் சொன்னேனே. யோசிச்சேன்.

துணை: சரி. யோசிச்சு?

கேப்டன்: யோசிச்சு, கப்பலை உன் கையில குடுத்தேன்.

துணை: குடுக்கலையே.

கேப்டன்: குடுத்தேன்னு எழுது.

துணை: சார், நான் சாப்பாட்டு அறையிலேருந்து ஓடி வந்தேன். வந்த வேகத்துல ‘கப்பல் என் கையில’ன்னு நானே கத்தினேன். அடுத்த மூச்சுல ‘கதவை மூடு’ன்னேன். நீங்க வாயே திறக்கல.

கேப்டன்: அபாயச் சங்கு அலறிட்டிருந்துது. ஒலிப்பதிவுல ஒரு மண்ணும் விளங்காது. நான் முதல்ல ‘கப்பல் உன் கையில’ன்னேன், நீ அப்புறம் ‘என் கையில’ன்னு வாங்கிக்கிட்டே. அதுதானே முறை?

துணை: முறை அதுதான். நடந்தது அது இல்ல.

கேப்டன்: நடந்ததை நடந்தபடி எழுதினா உன் கதி என்னன்னு தெரியுமில்ல? குடுக்காத கப்பலை எடுத்தவளுக்கு இந்த ஜன்மத்துல கேப்டன் நாற்காலி கிடையாது. பதினோரு பேர் உயிரைக் காப்பாத்தினேன்னு நீ கூவினாலும் எவனும் காதுல வாங்க மாட்டான்.

துணை: தெரியும்.

கேப்டன்: நாற்காலி வேணுமா, வேண்டாமா?

துணை: வேணும். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? பன்னெண்டு வருஷமா வேணும்.

கேப்டன்: அப்போ எழுது.

துணை: இந்தப் பொய் எனக்காகவா, உங்களுக்காகவா?

கேப்டன்: ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு. சிக்கனம்.

துணை: சிரிக்கிற நேரமா சார் இது?

கேப்டன்: அழுதா மட்டும் நம்ம மெக்கானிக் நெட்டைக்குப் போன விரல் முளைச்சிடுமா? எப்படி இருக்கான்?

துணை: காலையில போய்ப் பார்த்தேன். கட்டு மாத்தியாச்சு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் போனது போனதுதான். ‘ஸ்பேனர் பிடிக்க மூணு போதும் மேடம்’ங்கறான்.

கேப்டன்: கப்பலுக்கே ஒரு மெக்கானிக். அவன் ஏன்தான் அந்தக் கதவுகிட்ட போனானோ...

துணை: போகாம? கதவோட சுவிட்ச் இங்கே இருக்கு. கேப்டன் ‘மூடு’ன்னு சொல்லாம அதை யாரும் தொடக் கூடாது. காத்து போயிட்டே இருக்கு, சத்தமே வரல. கையால தள்ளியாவது மூடலாம்னு போனான். அவன் கை கதவிடுக்குல இருக்கும்போதுதான் நான் ‘மூடு’ன்னேன்.

கேப்டன்: உனக்கு அது தெரியாது.

துணை: தெரியாது. ஆனா சொன்னது நான்தானே? நாலு நாளா எதைச் சாப்பிட்டாலும் அந்தக் கை ஞாபகம்தான் வருது.

கேப்டன்: இருபத்திரெண்டு செகண்டு முன்னாடி நான் சொல்லியிருந்தா அவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். கணக்கு அங்கேயிருந்துதான் ஆரம்பிக்குது. உன் மேல இல்ல.

துணை: சரி, விடுங்க.

கேப்டன்: ஆனா ஒண்ணு... நீ மட்டும் அன்னிக்கு எழுந்து போகாம இருந்திருந்தா...

துணை: மனுஷி சாப்பிடக் கூடப் போகக் கூடாதா?

கேப்டன்: கோவிச்சுக்காதே. ஏழு மாசமா நீ என் வலது பக்க நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்ல. தட்டைக்கூட அங்கேயே வரவழைச்சுப்பே. அன்னிக்கு மட்டும்...

துணை: அன்னிக்கு மட்டும் பசிச்சுது.

கேப்டன்: தட்டே எடுக்கலைன்னு சமையல்காரர் சொன்னார்.

துணை: அவருக்கு வேற வேலை இல்லையா?

கேப்டன்: அவர் வேலையே தட்டு எண்றதுதானே? சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா விடு. அந்த மிஷின்ல டீ இருக்கா?

துணை: இருக்கும். இருங்க, போட்டுத் தரேன்... இதை இடது பக்க மூலையில கொண்டுபோய் வெச்ச புண்ணியவான் யாரோ.

கேப்டன்: ...

துணை: சர்க்கரை எத்தனை சார்?

கேப்டன்: ...

துணை: சர்க்கரை?... சார்?...

கேப்டன்: ...

துணை: கேக்கல, இல்ல? இந்தப் பக்கத்துலேருந்து என்ன சொன்னாலும் உங்களுக்குக் கேக்காதுன்னு ஏழு மாசமா எனக்குத் தெரியும் சார்.

கேப்டன்: என்னம்மா, டீ போடப் போனவளைக் காணோம்? சர்க்கரை ஒண்ணு போதும்.

துணை: ...இந்தாங்க.

கேப்டன்: ஏதாவது சொன்னியா?

துணை: சர்க்கரை எத்தனைன்னு கேட்டேன்.

கேப்டன்: அதான் சொல்லிட்டேனே, ஒண்ணு.

துணை: ஆமா, சொல்லிட்டீங்க.

கேப்டன்: உக்காரு. முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே. உனக்குக் கப்பல் வரும். உன்னைப் பத்தி மேலே கேக்கறப்பல்லாம் நான் நல்லாத்தான் எழுதி அனுப்பறேன்.

துணை: தெரியும் சார். அந்த நம்பிக்கையிலதான் ஓடிட்டிருக்கு.

நெட்டை: சார்... மேடம்... கேக்குதா? மருத்துவ அறையிலேருந்து நெட்டை பேசறேன்.

துணை: கேக்குது, சொல்லு. வலிக்குதா?

நெட்டை: அதெல்லாம் இல்ல மேடம். ஒரு விஷயம் சொல்லணும். காலையில அந்த விசாரணை அதிகாரி அம்மா எங்கிட்ட பேசினாங்க.

கேப்டன்: என்ன கேட்டாங்க?

நெட்டை: ‘கதவுகிட்ட போகும்போது ஆர்டர் வந்துதா, வரலையா’ன்னு கேட்டாங்க சார். வரலைன்னா உங்க தலை உருளும். மேடம் தலையும் உருளும். அதனால... வந்துது, எனக்குத்தான் காதுல விழலைன்னு சொல்லிட்டேன்.

துணை: என்னன்னு சொன்னே?

நெட்டை: எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கதவு மூடப் போறதாச் சொன்னது கேக்கல, நானா போய் மாட்டிக்கிட்டேன்னு. எழுதிக்கிட்டாங்க.

துணை: ஐயோ, நெட்டை...

நெட்டை: ரெண்டு விரல் போனவனை எப்படியும் கப்பலை விட்டுக் கீழே இறக்கிடுவாங்க மேடம். அதோட காதும் போனதா இருந்துட்டுப் போகட்டுமே. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தாத்தான் இந்தக் கப்பல் நல்லா இருக்கும்.

துணை: விரல் போனா இறக்க மாட்டாங்கப்பா. காது போனாத்தான் ஒரேயடியா இறக்குவாங்க. முதல் விதியே அதுதான்.

நெட்டை: ...அப்படியா மேடம்?

துணை: ஆமாம்ப்பா.

நெட்டை: எனக்கு அது தெரியாதே... என் பொண்டாட்டிகிட்ட நேத்துதான் சொன்னேன், ஆறு மாசம் கை ஆறட்டும், மறுபடி மேலே வந்துடுவேன்னு. அவளும் சரின்னா... பரவாயில்ல. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மாத்திப் பேசினா எல்லாருக்கும் சிக்கல். வெச்சுடறேன் சார்.

துணை: நெட்டை, இரு... வெச்சுட்டான். பைத்தியக்காரன்.

கேப்டன்: அவன் காது நல்லாத்தானே இருக்கு?

துணை: குண்டூசி விழுந்தாக் கேக்கும். போன மாசம் டெஸ்ட் பண்ணினது நான்தானே?

கேப்டன்: எல்லாருக்கும் நீதான் பண்றே.

துணை: ஆமா.

கேப்டன்: எனக்கும்.

துணை: ...ஆமா.

கேப்டன்: எனக்கு எத்தனை மார்க் போட்டே?

துணை: முழுசு.

கேப்டன்: ம். நல்ல காது.

துணை: சார்...

கேப்டன்: அந்த டெஸ்ட்ல பட்டனை மடியில மறைச்சு வெச்சு அழுத்தணும். உக்கார்ந்திருக்கறவன் சத்தம் கேட்டாத்தான் கையைத் தூக்கணும். நீ ஏன் மேஜை மேல வெச்சு அழுத்தினே?

துணை: நீங்க ஏன் என் விரலையே பார்த்துட்டிருந்தீங்க?

கேப்டன்: வேற வழி? இடது காதுல ஒண்ணுமே விழல. உன் விரல் இறங்கினா நான் கையைத் தூக்கினேன்.

துணை: தெரிஞ்சுதான் மேஜை மேல வெச்சேன்.

கேப்டன்: எனக்கும் அது தெரியும்.

துணை: ஏழு மாசமா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லாத்தான் நடிச்சிருக்கோம்.

கேப்டன்: இடது பக்கத்துல உக்கார்ந்து கருவிகளைப் பார்க்கற கண்காணிப்புக்காரர் எது சொன்னாலும் நீ வலது பக்கத்துல உக்கார்ந்து அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுவே. கேக்கறவங்களுக்கு ஏதோ கட்டுப்பாடான ஆபீசர் மாதிரி இருக்கும். எனக்குத்தான் தெரியும், அது என் காதுன்னு.

துணை: அன்னிக்கு அவர் மூணு தடவை கத்தியிருக்கார். ‘மூணாம் அறை, மூடவா, மூடவா’ன்னு.

கேப்டன்: சங்கு மட்டும்தான் கேட்டுது. எந்த அறைன்னு தெரியல. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலி. நீ வருவே, சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். அதான் அந்த இருபத்திரெண்டு செகண்டு. யோசனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சரி, அழிச்சுடு. எழுதினது எல்லாத்தையும் அழி. என் காது போச்சு, நான்தான் மறைச்சேன்னு நானே சொல்லிடறேன். நெட்டை மேல எந்தத் தப்பும் இல்ல. கப்பலை உன் கையில நான்தான் குடுத்தேன். டெஸ்ட்ல உன்னையும் ஏமாத்திட்டேன். உனக்கு ஒண்ணும் தெரியாது.

துணை: அதுல பாதி பொய்.

கேப்டன்: பாதி உண்மை இருக்கு, அதுவே பெருசு. நீ வாயைத் திறக்காதே. இது ஆர்டர்.

துணை: கப்பல் இப்போ உங்க கையில இருக்கா, என் கையில இருக்கா?

கேப்டன்: நீ திருப்பிக் குடுக்கவே இல்ல.

துணை: அப்போ ஆர்டர் போட வேண்டியது நான்.

கேப்டன்: விளையாடாதே. திரை எரியுது பார். வந்துட்டாங்க.

விசாரணை அதிகாரி: வணக்கம். பேச்சு வந்து சேர அஞ்சு செகண்டு ஆகும், ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர் பேசுங்க. மெக்கானிக்கோட வாக்குமூலம் வந்துடுச்சு. தனக்குக் காது மந்தம்னு சொல்லியிருக்கார். அவரைக் கீழே இறக்கிட்டு இதை முடிச்சுடலாம்னு இருக்கோம். கேப்டன், சேர்க்கறதுக்கு ஏதாவது இருக்கா?

கேப்டன்: இருக்கும்மா. அந்தப் பையன் பொய் சொல்றான். காது கேக்காதது எனக்கு. இடது காது. டெஸ்ட்ல ஏமாத்தினேன். துணைக் கேப்டனுக்கு இது தெரியாது. அபாயம் வந்ததும் கப்பலை நான்தான் அவங்க கையில குடுத்தேன்.

விசாரணை அதிகாரி: ...துணைக் கேப்டன், நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க எதிர்காலம் இதுல இருக்கு. அவருக்குக் காது கேக்காதுங்கறது உங்களுக்குத் தெரியுமா?

துணை: தெரியும் மேடம். டெஸ்ட் பட்டனை அவர் கண்ணுல படற மாதிரி வெச்சு அழுத்தினதே நான்தான். கப்பலை அவர் குடுக்கல, நானா எடுத்தேன்.

விசாரணை அதிகாரி: ஏன் மறைச்சீங்க? அவர் மேல விசுவாசமா?

துணை: விசுவாசம்னு சொல்லிக்க ஆசைதான் மேடம். நான் அவரைக் காட்டிக் குடுக்கலைன்னா அவர் என்னைப் பத்தி நல்லபடியா எழுதுவார், எனக்கொரு கப்பல் கிடைக்கும்... அதுக்குத்தான் மறைச்சேன். அன்னிக்குத்தான் உங்க கடிதம் வந்துது, இந்தத் தடவையும் எனக்குக் கப்பல் இல்லைன்னு. இந்த ஏழு மாசத்துல மூணாவது தடவை. யாரும் பார்க்காம அழணும்னு எழுந்து போனேன். சாப்பிடப் போகல. நாற்காலி காலியா இருந்தது அதனாலதான். நெட்டை விரல் போனதும் அதனாலதான்.

விசாரணை அதிகாரி: ...கேப்டன், இவங்க சொல்றது சரியா? எதையாவது விட்டுட்டாங்களா?

கேப்டன்: எல்லாம் சரி. ஒண்ணுதான் விட்டுப்போச்சு, அது அவளுக்கே தெரியாது. மூணு தடவையும் அவளுக்குக் கப்பல் குடுக்கலாமான்னு எங்கிட்ட கேட்டு எழுதினீங்க இல்லையா... ‘இன்னும் பக்குவம் போதாது’ன்னு பதில் போட்டது நான்தான். பக்குவமெல்லாம் எப்பவோ வந்தாச்சும்மா. அவ போயிட்டா என் வலது பக்கத்துல உக்கார ஆள் இல்ல.