துண்டின் மறுமுனை

ராத்திரி பதினொரு மணி இருக்கும். விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டைக்குப் போகிற ரோடு. மார்கழிப் பனி... புளிய மரத்து இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தன் தனியாக நடந்து வருகிறான். பெயர் சக்கரபாணி.

திடீரென்று விளக்கெண்ணெய் வாடை அடித்தது. நின்றான். சுற்றிலும் வயல். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மறுபடி நடந்தான். இடது தோள் லேசாகப் பின்னுக்கு இழுபட்டது... தோளில் கிடக்கும் துண்டின் முனையை யாரோ பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிற மாதிரி. கையை வைத்துப் பார்த்தான்.

தோளில் துண்டே இல்லை.

அட, கத்தரிக்காய் நறுக்குவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? விடிந்தால் கல்யாணம். கை வேலையைப் பார்க்கட்டும், காதை மட்டும் இங்கே கொடுங்கள். இது என் சிநேகிதி மலிகாவின் பெரிய மாமா சொன்னது. முஹம்மது யூசுப் என்று பெயர். சிதம்பரத்தில் மைக் செட் வைத்திருந்தார். பொய் பேசாத மனிதர். கடைசியில் வருகிற ஒன்றை மட்டும் நானே பார்த்தேன்.

சக்கரபாணிக்கு ஓர் அக்கா, அஞ்சம்மாள். அப்பன் ஆத்தாள் இல்லாத வீடு. சின்ன வயதில் தம்பிக்கு அம்மை போட்டது. வேப்பிலையும் கையுமாக ராப்பகல் அவன் பக்கத்திலேயே கிடந்தாள். தம்பி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்தான், அக்கா படுத்தாள். அவள் எழுந்தபோது இரண்டு கண்ணும் போயிருந்தன. அப்புறம் எரிச்சலுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வதும், தம்பியின் துண்டு முனையைப் பிடித்து நடப்பதும் என்று அவள் காலம் ஓடியது. அவளை யார் கட்டுவார்கள்? தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. ராணியம்மாள் வந்தாள். அமராவதி பிறந்தாள்.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைதான் அத்தைக்குக் கண். துண்டின் ஒரு முனை குழந்தை கையில், மறுமுனை அத்தை கையில். கிணற்றடிக்கும் கடைத்தெருவுக்கும் இரண்டு பேரும் அப்படித்தான் போய் வருவார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷ மார்கழி. அரிசி கிடைக்காத காலம். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து மூன்று வேளையும் தின்றார்கள். ராணியம்மாளுக்கு மறுபடி வயிற்றில். வீட்டில் ஒரு வாய் குறைந்தால் தேவலை என்று தோன்றியது... யாருக்கு? ராணியம்மாளுக்கா? எதற்கெடுத்தாலும் பெண்டாட்டி மேல் பழி போடுவது எல்லோருக்கும் சௌகரியம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தோன்றியது சக்கரபாணிக்கு.

"அக்கா, சிதம்பரத்துக்குத் திருவாதிர பாக்கப் போலாமா?" என்று கேட்டான். கண் தெரியாதவளிடம் கேட்டான். அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

அன்றைக்குத் தேர். கீழவீதியில் எள் போட்டால் எள் விழாது. யூசுப் மாமா அங்கேதான் பந்தல் போட்டு மைக் வைத்திருந்தார். தேர் எந்த மூலையில் நிற்கிறது, யாருடைய கைப்பை கிடைத்திருக்கிறது, எந்த ஊர்க் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாச் சேதியும் அவர் குரலில்தான். நாலு வீதியிலும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும், குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

சக்கரபாணி அக்காவை அந்தப் பந்தலின் மூங்கில் கம்பத்தடியில் நிறுத்தினான். தோளிலிருந்த துண்டை எடுத்தான். ஒரு முனையைக் கம்பத்தில் முடிந்தான். மறுமுனையை அவள் கையில் கொடுத்தான்.

"இங்கயே நில்லுக்கா. எங்கயும் போவாத. வந்துடறேன்."

துண்டு விறைப்பாக இருந்தது. தம்பிதான் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவள் நினைத்திருப்பாள். பாவி... அப்படியே கூட்டத்தில் நழுவிவிட்டான்.

பொழுது சாய்ந்த பிறகுதான் யூசுப் மாமா அவளைக் கவனித்தார். விசாரித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "மங்கலம்பேட்டை சக்கரபாணி... மங்கலம்பேட்டை சக்கரபாணி... உங்கள் அக்கா அஞ்சம்மாள் மைக் செட் பந்தல் அருகில் காத்திருக்கிறார்." சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டு குழாய்க்கு நேர் கீழே, பஸ்ஸுக்குள்ளே, ஜன்னலோரமாக உட்கார்ந்து சக்கரபாணி அத்தனையும் கேட்டான். பக்கத்து சீட்டுக்காரர், "யாரோ பாவம்" என்றார். "ஆமாங்க" என்றான் இவன்.

யூசுப் மாமா அவளைப் பந்தலுக்குள் வந்து உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். அவள் நகரவில்லை.

"வாணாம் பாய். இங்கயே நில்லுன்னு சொல்லியிருக்கான். நா நவுந்துட்டா புள்ள என்னக் காணாம தவிச்சிப்புடுவான்."

விடியற்காலை. உள்ளே அபிஷேகம். சங்கும் மேளமுமாக வீதியே அதிர்ந்தது. அவள் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் பனியில் நனைந்திருந்தது. யூசுப் மாமா தொட்டு எழுப்பினார். ராத்திரி எந்நேரத்துக்குப் போனாளோ, யாருக்கும் தெரியாது. விரலைப் பிரிக்க முடியவில்லை. துண்டைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, துண்டோடுதான் எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். மங்கலம்பேட்டைக்கு யார் போய்ச் சொல்வது? அநாதைப் பிணம்.

சக்கரபாணி அந்த ராத்திரி நடந்தே ஊருக்குப் போய் ஓவென்று அழுதான். "கூட்டத்துல கைய வுட்டுட்டேன். தேடாத எடமில்ல." அந்த மார்கழியில் மங்கலம்பேட்டைக்கு அதுதான் நியூஸ். டீக்கடையில், நெல்லு மிஷின் வாசலில், பஜாரில், வேறு பேச்சே இல்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்குக் கிடைத்தது. ஆளாளுக்கு அரைப் படி, கால் படி என்று அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். தின்றான்.

குழந்தை மட்டும் அன்றிலிருந்து நடக்கும்போது ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே நடந்தது. குறுக்கே கல் கிடந்தால் நின்று, "கல்லு" என்று சொல்லிவிட்டு நடக்கும். அது தூங்குகிற மூலையில் விளக்கெண்ணெய் வாடை போகவே இல்லை. வயிற்றிலிருந்த பிள்ளையும் தங்கவில்லை. இனி அவர்களுக்கு இருப்பது அமராவதி ஒருத்திதான்.

வருஷம் திரும்பியது. ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? "இந்தத் திருவாதிரைக்கும் போய்த் தேடு. அங்கதான் எங்கனா பிச்ச எடுத்துக்கினு இருக்கும். புள்ளையக் கூட்டிக்கினு போ மச்சான். மைக்குல அது கொரலக் கேட்டா அஞ்சம்மா எங்க இருந்தாலும் வந்துடும்" என்றார்கள். கண் தெரியாதவளுக்குக் குரல்தானே அடையாளம்? நல்ல மனசோடு சொன்ன யோசனை. மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். பஸ் ஏறினான், மகளோடு.

அதே கீழவீதி. அதே பந்தல். பேரைக் கேட்டதும் யூசுப் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. குழந்தை காதில் விழ வேண்டாம் என்று நினைத்தார். ஆம்ப்ளிபயர் பார்க்கிற புது ஆளிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, அப்பனை எதிர்சாரி டீக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கே மெல்லச் சொன்னார்.

"ஒங்க அக்கா மௌத்தாயிட்டாங்க தம்பி. போன வருசமே."

மாமா அப்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அழுகை வரவில்லை. பெருமூச்சு விட்டான். தோள் இறங்கியது. சுமை இறக்கியவன் மாதிரி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தான். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறையலாம் போலிருந்தது என்றார்.

இதற்குள் குழாயில் குழந்தையின் குரல். ஆம்ப்ளிபயர்காரன், பாவம், விஷயம் தெரியாமல் மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறான்.

"அத்தே... நா அம்ராதி. வா அத்தே."

நாலு வீதியிலும் கேட்டது. போகிற சனமெல்லாம் சிரித்தது. மறுபடி... "அத்தே... வா அத்தே."

அப்புறம் கொஞ்ச நேரம் குழாயில் கரகரவென்று காற்று மட்டும். பிறகு குழந்தை சிரித்தது.

"வந்துட்டியா?"

சக்கரபாணி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். பந்தலில் குழந்தை இல்லை. ஆம்ப்ளிபயர்காரன் திருப்தியாக உட்கார்ந்திருந்தான்.

"கெடச்சிட்டாங்க பாய். அவுங்க அத்தையே வந்து கூட்டிக்கினு போயிட்டாங்க. பாவம், கண்ணு தெரியல. சேலையெல்லாம் ஈரம். கையில ஒரு துண்டு வச்சிருந்தாங்க... புள்ளதான் முனையப் புடிச்சிக்கினு முன்னால போச்சு."

பந்தலில் விளக்கெண்ணெய் வாடை.

தேடினார்கள். தேர்முட்டி, குளக்கரை, சத்திரம், சுடுகாடு. போலீஸ் வந்தது. யூசுப் மாமா தொண்டை கட்டும்வரை குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். விடியற்காலை, உள்ளே அபிஷேகம் ஆகிற நேரம், முடியாமல் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அணைத்தாராம். ஒயரையே பிடுங்கிவிட்டாராம். குழாயில் குரல் வந்தது. குழந்தைக் குரல்.

"அப்பா... அங்கயே நில்லு. எங்கயும் போவாத. வந்துடறேன்."

சக்கரபாணி மூங்கில் கம்பத்தடியில் போய் நின்றான்.

ராணியம்மாள் வந்து கூப்பிட்டாள், போகவில்லை. மாமா அத்தோடு மைக் செட்டை விற்றுவிட்டார். எனக்குக் கல்யாணமான புதிது, அறுபத்தொன்பது. திருவாதிரைக்குப் போனபோது மலிகாதான் தூரத்திலிருந்து காட்டினாள். பந்தல் இல்லை, கம்பம் இல்லை. வெறும் வீதியோரத்தில் பனியில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு... கையில் ஒரு பழைய துண்டின் முனை.

மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனால் துண்டு தொங்கவில்லை. விறைப்பாக நின்றது... ஒரு குழந்தையின் கை உயரத்தில்.