ஹேமந்தின் காரில் செய்த வேலை

கார் மீது எனக்கு மோகமெல்லாம் கிடையாது, சார். இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறேன். ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்கிவிடுவேன்.

அங்கே பெட்ரோல் போகும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இன்ஜினியர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பையில் பகலவனின் ஷெட்டுக்குப் போவேன். பகலவன் நல்ல பையன். நன்றாகச் சிரிப்பான். ஒரு மெக்கானிக்குக்கு அது போதும் என்று இங்கே நினைக்கிறார்கள்.

ஹேமந்தை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. நஷ்டமில்லை. அப்பா மனை போட்டு விற்றார். மகன் வேகமான கார் வாங்கினான். பல பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துச் செய்த இன்ஜின் அவனுக்குப் போதவில்லை. வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய இன்ஜெக்டர்கள், புது பம்ப், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் சிவப்புக் குழாய் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். குழாய் ஏன் சிவப்பு என்று பகலவனைக் கேட்டேன்.

"பானெட்ட தொறந்தா கெத்தா இருக்கணுமாம்ணே."

பெட்ரோலுக்குக் கண் உண்டு என்று நினைத்திருப்பான் போல.

எல்லாவற்றையும் பொருத்தியது நான். பகலவன் விளக்குப் பிடித்தான், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். லேப்டாப்பில் பெட்ரோல் அளவுகளைத் திருத்தி ஓடவிட்டபோது இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. அப்படியொரு வேலைக்கு ஹேமந்த் லாயக்கில்லை.

மதியம் ஹேமந்த் மனைவியோடு வந்தான். நேராகப் போய்ப் பகலவனைக் கட்டிக்கொண்டான்.

"தலைவா, நீ கை வெச்சாலே தனி சவுண்டுப்பா!"

"ஐயோ சார், பூரா அய்யாத்துரை அண்ணன் செஞ்சது."

அப்போதுதான் ஹேமந்த் என்னைப் பார்த்தான். "இன்னாப்பா, ஹெல்பர்லாம் வெச்சிக்கினியா? பெரியவரே, அப்டியே முன்கண்ணாடிய தொடச்சிடு."

எனக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை. துடைத்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரப்படுவதற்கு எதிரில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

துடைத்து முடித்ததும், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று பானெட்டைத் திறந்தேன். சிவப்புக் குழாயின் இணைப்பு ஒன்றைத் தளர்த்தினேன். ஷெட்டில் நிற்கும்வரை கசியாது. ஓடிச் சூடேறினால் கசியும். எவ்வளவு தளர்த்துவது என்பதெல்லாம் எவனுக்கும் வீடியோவில் கிடைக்காது.

பகலவன் சாவியோடு நின்றான். "அண்ணே, லீக் கீக் ஒண்ணுமில்லியே? நானும் ஒருவாட்டி பாத்துடட்டா?"

"எல்லாம் பாத்தாச்சுடே. சாவியக் குடு அவருகிட்ட."

கொடுத்தான். நான் சொன்னால் அவன் மறுபடி பார்ப்பதில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் சத்யப்பிரியா என்பது செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரியும். ஏறுவதற்கு முன் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அவரு பேசினத மனசுல வெச்சிக்காதீங்கண்ணா."

வாங்கிக் குடித்தேன். மரியாதை தெரிந்தவர். அவர் பக்கக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நானே சாத்திவிட்டேன்.

வேகம் பார்க்க ஒரகடம் பக்கம் அகல ரோட்டுக்குப் போனார்கள். சத்தம் கேட்கும் ஆசையில் பகலவனும் பைக்கில் பின்னாலேயே போனான். பாலம் ஏறுவதற்கு முன் கார் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த இருவரும் வெளியே வரவில்லை. கதவை இழுத்துப் பார்த்ததில் பகலவனுக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வாசலில் உங்கள் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். பகலவன் மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, வேல பூரா நாந்தான் செஞ்சேன்னு எழுதிக் குட்த்துட்டேன். எதையோ சரியா டைட் பண்ணாம வுட்டுட்டோம் போல. நீ அன்னிக்கு ஷெட்டுக்கே வரல, இன்னா? உனுக்குக் கம்பெனி வேல கீது, பொண்ணு படிக்குது. எனுக்கு இன்னா, ஒரு ஷெட்டுதானே."

அழுதான். கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைக்கவும் அவனுக்கு வரவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாள் தூக்கமில்லை. ஒரு நிரபராதி உள்ளே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சார். அதற்காகத்தான் வந்தேன். அதற்காக மட்டும்தான்.

உங்கள் அறிக்கையில், பாகங்களைப் பொருத்தியவர் பகலவன், காரணம் கவனக்குறைவு என்று இருக்கிறது. இரண்டையும் அடித்துவிடுங்கள். அவன் விளக்குப் பிடித்தவன். பொருத்தியதும் நான், தளர்த்தியதும் நான். அதில் கவனக்குறைவு எங்கே இருந்தது?

பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள், சார். அய்யாத்துரை. நடுவில் 'த்' வரும்.