ஸ்டோமா சார்

இல்ல சிஸ்டர், நான் நின்னுக்கறேன். உக்காந்தா கால் தானா ஆட ஆரம்பிச்சிடுது. உள்ள தானே போகணும்? போலாம், போலாம். நீங்க அந்தப் புதுப் பையை அளவு பாத்து வெட்டி முடிங்க.

என்ன கேட்டீங்க? ஸ்டோமான்னா என்னன்னு தெரியுமாவா? நல்லா கேட்டீங்க போங்க! இருபத்தாறு வருஷமா உயிரியல் வாத்தியார் நான். பசங்க எனக்கு வச்ச பேரே ஸ்டோமா சார். கிரேக்க பாஷையில வாய்னு அர்த்தம். இலைக்கு அடிப்பக்கம் பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், செடி மூச்சு விடறதே அது வழியா தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நெயில் பாலிஷ் தடவி, காயவிட்டு, அப்படியே உரிச்சு மைக்ராஸ்கோப்புல வச்சா, குட்டிக்குட்டி வாயா அச்சு விழுந்திருக்கும். பாலிஷ் எல்லாம் எங்க வீட்டம்மாவோடது. ஊர்ல இருக்கிற இலைக்கெல்லாம் பூசியாச்சு, என் நகம் தான் மொட்டையா கிடக்குன்னு திட்டுவா.

அறைக்குள்ள கேக்குதா? சரி சரி, மெதுவா பேசறேன்.

குடலை வயித்துல ஒரு ஓட்டை வழியா வெளிய கொண்டுவந்து, மலம் பையில விழற மாதிரி ஸ்டோமா வைக்கணும்னு டாக்டர் சொன்னதும் அவ அழுதுட்டா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அட அசடே, நான் தினம் பாக்கிற சமாச்சாரம்னு சொல்லி, ஸ்கேன் கவர் மேலயே படம் போட்டேன். நடுவுல ஓட்டை, ரெண்டு பக்கமும் காப்பு செல். வேணும்னா திறக்கும், வேணாம்னா மூடிக்கும்னு பாகம் குறிச்சுக் கொடுத்தேன். அவளும் நம்பிட்டா. பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட வேற காட்டினாளாம், எங்க வீட்டுக்காரர் போட்டதுன்னு.

மனுஷனுக்கு வைக்கிறது மூடாதுன்னு எனக்கே அப்புறம் தான் தெரியும்.

கையுறையா? இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு... இல்ல வேணாம், கொடுங்க.

அவ சாப்பிடலைன்னு நாலு நாளா சார்ட்டுல எழுதறீங்களே. வாய் கசக்குதுன்னு அவ சொல்றது பொய், சிஸ்டர். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவை டாக்டர் பையைக் கழட்டினப்ப நான் பக்கத்துல தான் நின்னேன். செக்கச்செவேல்னு, ஈரமா இருந்துச்சு. லேசா அசைஞ்சுது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒரு நொடி தான். அவ அதைப் பாக்கவே இல்ல, என்னைத் தான் பாத்துக்கிட்டிருந்தா.

அன்னையிலேர்ந்து ரெண்டு ஸ்பூன் சூப்புக்கு மேல இறங்கல. சாப்பிட்டா தானே அதுல வரும்.

அதான், பையை மாத்தக் கத்துக்கொடுங்கன்னு நானே வந்து நின்னேன். கதவைத் திறங்க. அவ பாத்துக்கிட்டிருக்கும்போதே நான் அதைப் பாக்கணும்.