சாது மேகம்

காரை வெயில்ல நிறுத்தினா சீட்டு கொதிக்கும். மலை மேல குளிருதேன்னு நினைப்பாங்க, ஆனா இங்க அடிக்கிற வெயில் கீழ அடிக்கிறதை விட உறைப்பா இருக்கும். உங்க டிரைவர் கூட வந்ததும் வராததுமா என் ஷெட்டு நிழலைப் பாத்துத்தான் ஜீப்பை ஓட்டிட்டுப் போனார். நான் ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன். தப்பில்ல, அதுக்குத்தான் போட்டது.

நீங்க கேட்டது ஒரே கேள்வி. மேட்டுப் பாறையில, அந்தப் பொண்ணோட கருவி நின்ன இடத்துக்குப் பக்கத்துல, இன்னொரு முக்காலி நின்ன துருக்கறை எப்படி வந்துச்சுன்னு. முதல் விசாரணைக்கு வந்தவங்க அதைப் பாக்கல. அன்னைக்கு நல்ல மழை, பாவம், குடையைப் பிடிக்கவே அவங்களுக்கு நேரம் சரியா இருந்துச்சு. நீங்க குனிஞ்சு பாத்தீங்க. குனிஞ்சு பாக்கிறவங்க மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த முக்காலியை வச்சது நான்தான். ஏன் வச்சேங்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்து வரணும். டீ ஆறிடப் போகுது, குடிங்க.

இந்த வானிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு நான்தான் பொறுப்பாளர். பேருக்கு நிலையம், மத்தபடி நாலு ரூம், ஒரு முற்றம், ஒரு மாணவர் விடுதி, பின்னாடி மேட்டுல அந்தப் பாறை. மழைக்காலம் வந்தா கல்லூரிப் பசங்க ஆராய்ச்சி பண்ண வருவாங்க. ஒருத்தன் மேகத்துத் துளியை அளப்பான், ஒருத்தி சூரியன்ல புயல் அடிச்சா நம்ம ரேடியோ ஏன் இரையுதுன்னு பாப்பா. என் துறை காத்துல இருக்கிற மின்சாரம். அதை அளக்கிற கருவிக்கு எங்க பாஷையில மில்லுன்னு பேரு. எங்களோடது முற்றத்துல நிக்குது, முக்காலி மேல ஒரு தட்டு விசிறி மாதிரி சுத்திட்டே இருக்கும். தலைக்கு மேல மேகத்துல மின்சாரம் ஏற ஏற என் மேசையில இருக்கிற டயல்ல முள்ளு ஏறும். டயல்ல ஒரு சிவப்புக் கோடு உண்டு. முள்ளு அதைத் தொட்டா மேட்டுல நிக்கிற பசங்களை வாக்கிடாக்கியில கூப்பிட்டு இறங்கி வரச் சொல்லணும். ஏன்னா அதுக்கப்புறம் எப்ப வேணா இடி விழலாம்.

அந்த விதியை எழுதினது நான். இன்னொண்ணும் எழுதினேன். இறங்கறதா வேண்டாமான்னு மேட்டுல இருக்கிறவங்க முடிவு பண்ணக்கூடாது, மேசையில இருக்கிறவர்தான் சொல்லணும். காரணம் இருக்கு. ஒரு வருஷம் வந்த பையன் வானம் உறுமினாலே பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவான். அந்த சீசன் வேலையே வீணாப் போச்சு. இன்னொருத்தி கூப்பிட்டாலும் வரமாட்டா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கெஞ்சுவா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆள் முடிவு பண்றதுதான் நியாயம். சொல்லாம இறங்கினா ஆராய்ச்சி ரத்து. இன்னைக்குப் பல நிலையங்கள்ல இந்த விதிதான் நடைமுறையில இருக்கு.

என் பேரு வெளியில தெரிஞ்சது இன்னொரு விஷயத்துக்காக. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க மில்லு காட்டுற அளவு பாதியாக் குறைஞ்சிருக்கிறதைக் கவனிச்சேன். கருவியைக் கழட்டிப் பாத்தேன், பழுதே இல்ல. அப்ப மேகம்தான் மாறியிருக்கணும். இந்த மலைக்கு வர்ற மேகத்துல மத்த இடத்து மேகத்துல இருக்கிற மின்சாரத்துல பாதிதான் இருக்குன்னு கட்டுரை எழுதினேன். சாது மேகம்னு நான்தான் பேர் வச்சேன். பாடப் புத்தகத்துல ஒரு பாரா வந்துச்சு. ஒரு விருதும் குடுத்தாங்க, அதோ உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கு. மேகம் சாதுங்கிறதால மழைக்காலத்துலயும் பசங்களை மேட்டுல வேலை செய்ய அனுமதிச்சாங்க. வேற எங்கயும் அந்த அனுமதி கிடையாது. அதனாலதான் இங்க வர இவ்வளவு போட்டி.

என் மச்சினியோட பொண்ணும் அப்படித்தான் வந்தா. என் மனைவியோட தங்கச்சி மகள், என்னைப் பெரியப்பான்னு கூப்பிடுவா. நாங்க அவளைப் பட்டாணின்னு கூப்பிடுவோம், சின்னதுல அப்படி உருண்டையா இருப்பா. எங்களுக்குக் குழந்தை இல்ல. அவளுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் குடுத்தது நான். மேகம் ஏன் கறுக்குதுன்னு முதல்ல சொல்லிக் குடுத்ததும் நான்தான். கொண்டுவந்து விட்ட அன்னைக்கு மச்சினி, "மாமா, இவளை உங்க கண்பார்வையிலேயே வச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. அப்படித்தான் வச்சிருந்தேன். இந்த ஜன்னல்ல இருந்து பாத்தா பாறை நல்லாத் தெரியும்.

அவ தானே ஒரு மில்லு செஞ்சிருந்தா. பழைய ஃபேன் மோட்டார், எவர்சில்வர் தட்டு, ஒரு சின்னத் திரை. பாக்க ஜூஸ் பிழியற மிஷின் மாதிரி இருக்கும். மத்த பசங்க ஒரு டம்ளர் சாத்துக்குடி குடுன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதைப் பாறையில நிறுத்தி என் மில்லோட ஒப்பிட்டுப் பாக்கிறதுதான் அவ ஆராய்ச்சி. அவளோடது எப்பவும் என்னோடதை விட ரெண்டு பங்கு காட்டுச்சு. வீட்ல செஞ்சது அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். சரி பெரியப்பான்னு போயிட்டா.

போனவ என் பழைய அளவையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டா. நல்ல வெயில் நாள்ல கூடக் காத்துல கொஞ்சம் மின்சாரம் இருக்கும். மேகமே இல்லாத நாளை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக் கோடு போட்டுப் பாத்திருக்கா. ஒரு குறிப்பிட்ட மாசம் வரைக்கும் கோடு நேராப் போகுது. அப்புறம் மாடிப்படியில இறங்கின மாதிரி தொப்புன்னு பாதியாகுது. மேகமே இல்லாதப்ப மேகத்து மேல எப்படிப் பழி போடறது. அந்த மாசம் இங்க என்ன நடந்துச்சுன்னு வாட்ச்மேன்கிட்ட, சமையல்காரம்மாகிட்ட எல்லாம் விசாரிச்சிருக்கா.

சாப்பாட்டு மேசையிலதான் சொன்னா. நான் இருந்தேன், என் மனைவி இருந்தா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, மனசுல ஒண்ணும் இல்ல.

"பெரியப்பா, உங்க சாது மேகம் வானத்துல இல்ல, முற்றத்துல இருக்கு. உங்க கார் ஷெட்டு."

மில்லுக்குப் பக்கத்துல உயரமா தகரக் கூரை போட்டா, காத்துல இருக்கிற மின்சாரத்தை அது மறைச்சிடும். குடைக்குக் கீழ நின்னுக்கிட்டு மழை குறைஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரி. முதல் வருஷப் பாடம். நான்தான் நடத்துவேன்.

என் மனைவி சிரிச்சா. பொரை ஏறுற அளவுக்குச் சிரிச்சா. "காருக்கு நிழல் போட்டதுக்கு விருது வாங்கின ஒரே ஆளு நீங்கதான்"னு சொன்னா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நானும் சிரிச்சேன். மோர் ஊத்தச் சொன்னேன்.

என் முகத்தைப் பாத்தாளோ என்னமோ, கை கழுவற இடத்துல பட்டாணி பக்கத்துல வந்து நின்னா. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம் பெரியப்பா. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கலாம், எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு மெதுவாச் சொன்னா. அவ திமிராப் பேசியிருந்தா நான் திட்டியிருப்பேன், அவ அழுதிருப்பா, அதோட முடிஞ்சிருக்கும். இரக்கப்பட்டுட்டா. நான் சைக்கிள் வாங்கிக் குடுத்த பொண்ணு.

மாணவர் கருத்தரங்கு பக்கத்துல வந்துட்டு இருந்துச்சு. தலைமை அலுவலகத்துல இருந்து பெரியவங்க வருவாங்க, அவங்க முன்னாடி அவ பேசணும். நான் தடுக்கல. தடுக்கிறது ஆராய்ச்சிக்கு அழகில்ல. ஆனா ஒருத்தர் சொல்லிட்டார்னு அப்படியே ஏத்துக்கிறதும் அழகில்ல, சரிபாக்கணும். அந்த ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாங்க. நான் என் மில்லை முக்காலியோட தூக்கிட்டுப் போய் பாறையில அவளோடதுக்குப் பக்கத்துல வச்சேன். நீங்க பாத்த கறை அதுதான். ரெண்டும் ஒரே அளவைக் காட்டுச்சு. எண் மாறாம. ஜூஸ் மிஷின் ரொம்ப நல்ல கருவி.

அப்புறம் என் மில்லைத் தூக்கிட்டு வந்து பழைய இடத்துலேயே வச்சிட்டேன். ஷெட்டுக்குப் பக்கத்துல. அதோட இடம் அதுதானே.

சம்பவம் நடந்த அன்னைக்கு மத்தியானம் மேகம் திரண்டு வந்துச்சு. ஒப்பிடறதுக்கு இதை விட நல்ல நாள் வராதுன்னு அவதான் கேட்டா. நான் சரின்னேன். மேட்டுல ஒரு ஆள் நிக்கணும், ஏன்னா மூடுபனி தட்டுல படிஞ்சா துடைக்கணும், அவ கருவியோட அளவை வாயால படிச்சுச் சொல்லணும். போறப்போ அவ கேட்டா, "உங்க முள்ளு பாதிதான் காட்டும், ஞாபகம் இருக்குல்ல பெரியப்பா?" நான் தலையாட்டினேன். இதை நீங்க எழுதிக்கலாம்.

அவ படிச்சா, நான் கேட்டேன். குரல் தெளிவா இருந்துச்சு. ஒரு கட்டத்துல அவளோட அளவு சிவப்புக் கோட்டுக்குப் போயிடுச்சு. என்னோடது பாதி வழியில நின்னுட்டு இருந்துச்சு. எப்படி இருக்கணுமோ அப்படி.

"பெரியப்பா, என்னோடது கோட்டைத் தாண்டிருச்சு."

விதிப்படி நிலையத்தோட மில்லுதான் கணக்கு. மாணவர் செஞ்ச கருவிக்கு இன்னும் அங்கீகாரம் கிடையாது. அதை அவளுக்குச் சொன்னேன். அவ சிரிச்சா. சரி, இன்னும் கொஞ்சம் எடுக்கிறேன், அப்புறம் கூப்பிடுங்கன்னா. நான் விளையாடறேன்னு நினைச்சிருக்கா. எப்ப வேணா இவர் கூப்பிட்டுடுவார்னு நம்பிட்டு நின்னா. அவ தொடர்ந்து படிச்சா. இடியும் இல்ல, மின்னலும் இல்ல. சத்தமே இல்லாம மேகம் ஏறிட்டு இருந்துச்சு. முதல் இடி எப்பவும் சொல்லிட்டு வராது.

அப்புறம் அவ அளவைப் படிக்கிறதை நிறுத்திட்டா.

"பெரியப்பா, முடியெல்லாம் எழும்பி நிக்குது. கையில கூட. இறங்கட்டுமா?"

முடி எழும்பினா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கலாம். இடி எங்க விழறதுன்னு இடம் பாத்துட்டு இருக்குன்னு அர்த்தம். நான் டயலைப் பாத்தேன். ஜன்னலையும் பாத்தேன். அவ பின்னல் அவிழ்ந்து தலையைச் சுத்தி நின்னுச்சு, இங்க இருந்தே தெரிஞ்சுச்சு.

"என் முள்ளு இன்னும் கோட்டைத் தொடலையேம்மா"ன்னு சொன்னேன்.

வாக்கிடாக்கி திறந்தே இருந்துச்சு, அவ மூச்சு விடறது கேட்டுச்சு. இறங்கி ஓடியிருக்கலாம், யாரும் கட்டிப் போடல. ஆனா விதி அவளுக்குத் தெரியும். அதோட, நான் கூப்பிடப் போறதில்லங்கிறதை அவளும் அந்த நேரத்துல புரிஞ்சுக்கிட்டாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிச்சயமாச் சொல்ல முடியாது. நிச்சயமில்லாததை நான் சொல்றதில்ல.

அப்புறம் வெளிச்சம். அப்புறம் சத்தம்.

முதல்ல ஓடினது வாட்ச்மேன். நானும் ஓடினேன். மச்சினி வந்து என் சட்டையைப் பிடிச்சு அழுதா, நானும் அழுதேன், அது நடிப்பில்ல. என் மனைவி அழல. அன்னையில இருந்து அவ எங்கிட்ட பேசறதும் இல்ல. விசாரணைக்கு வந்தவங்க டயலோட பதிவைப் பாத்தாங்க, முள்ளு கோட்டைத் தொடவே இல்லன்னு தெரிஞ்சுது. விதிமீறல் இல்லை, இயற்கைச் சம்பவம்னு எழுதினாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் எழுதின விதி, ஓட்டை இல்லாம எழுதினது.

நீங்க வேற மாதிரி எழுதுவீங்க. எழுதுங்க. முள்ளு பாதிதான் காட்டும்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமையே தெரியும். அவளைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும், வாக்கிடாக்கி கையிலதான் இருந்துச்சு. கூப்பிடல. கருத்தரங்குல அவ பேசக்கூடாதுன்னு நினைச்சேன், அவ்வளவுதான். சாகணும்னு நினைக்கல. அவ பேசாம இருக்கிறதுக்கு வேற வழி எதுவும் அந்த நேரத்துல தோணல.

ஆனா ஒண்ணு, அவ உழைப்பு வீணாப் போக நான் விடல. அதையும் சேர்த்து எழுதிக்குங்க. கடைசி வரைக்கும் அவ படிச்ச அளவு எல்லாம் எங்கிட்ட பதிவாகியிருக்கு. இடி விழற இடத்துலேயே நின்னு இவ்வளவு துல்லியமா யாரும் அளந்ததில்ல. சாது மேகம் தப்புன்னு நானே ஒத்துக்கிட்டு கட்டுரை எழுதி அனுப்பியாச்சு. அவ பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். எந்த வழிகாட்டி தன் மாணவிக்கு இவ்வளவு செய்வார்னு எனக்குத் தெரியல.

கார் ஷெட்டுன்னு மட்டும் அதுல எழுதல. பக்கத்துல இருந்த ஒரு அமைப்புன்னு எழுதியிருக்கேன்.