இரண்டாவது டிக்கெட் இன்னும் உறுதியாகவில்லை

நண்பர்களே, முதலில் இன்று காலை உறுதியான தகவல். அடுத்த மாதம் பெங்களூரில் நடக்கும் ராக் கச்சேரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போகிறார். அந்த ஒருவர் நான் இல்லை. தகவல் தந்தவர் என் மனைவி ரெஜினா. தந்த இடம், எங்கள் சமையலறை. அதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சந்தேகம் இருந்தால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் திருச்சி நிருபர்கள் சங்கக் குடும்ப விழாவில் என்னைக் 'கவனித்தல்' பற்றிப் பேசச் சொன்னீர்கள். நானும் பெரிய ஆள் மாதிரி ஒத்துக்கொண்டேன். ஆனால் தலைப்பைக் கேட்டதும் ரெஜினா சிரித்தாளே ஒரு சிரிப்பு... கீழ்வீடு வரைக்கும் கேட்டது. ஏன் சிரித்தாள்? அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

ஷில்லாங்கில் 'ப்ளூ கெட்டில்' என்று ஒரு ராக் குழு. ரெஜினா கல்லூரி விடுதியில் டேப் தேயத் தேயக் கேட்ட குழு. அவர்கள் பெங்களூர் வருகிறார்கள் என்று எங்கள் மகள் இரண்டு டிக்கெட் வாங்கி அனுப்பினாள். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று? அப்பாவுக்குத்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரெஜினா என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்க எந்தக் கச்சேரியில கடைசி வரைக்கும் உக்காந்திருக்கீங்க? என் தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடியே கிளம்பின ஆளு. அவங்களோட கச்சேரிப் படம் ஒண்ணு இருக்கு. முதல்ல அதை வீட்டுல முழுசா பாருங்க. பாத்தீங்கன்னா டிக்கெட் உங்களுக்கு. இல்லேன்னா கீழ்வீட்டு பிலோமினா அக்காவுக்கு."

பரீட்சை! முப்பது வருடம் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் போய் வந்தவனுக்கு, சொந்த வீட்டு சோபாவில் பரீட்சை!

படம் ஓடியது. முதல் பாட்டு. மேடை முன்னால் கடல் மாதிரி கூட்டம். கை சும்மா இருக்குமா? படத்தை நிறுத்தினேன். ஒரு மூலையில் இருந்த தலைகளை எண்ணினேன். மொத்த மைதானத்துக்கும் பெருக்கப் போனேன்.

"என்ன பண்றீங்க?"

"கூட்டம் எவ்வளவுன்னு பாக்குறேன் ரெஜி."

"போலீஸ் கணக்கு வேணுமா, விழாக்காரங்க கணக்கு வேணுமா? ரிமோட்டைக் குடுங்க!"

கொடுத்துவிட்டேன். இரண்டாவது பாட்டு... ஒழுங்காகக் கேட்டேன். மூன்றாவது பாட்டு... அதையும் கேட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது?

நிருபர்களுக்குத் தெரியும். மூன்று பாட்டு கேட்டால் நமக்கு செய்தி கிடைத்துவிடும். மேடையில் யார் யார் என்று குறித்துக்கொள்வோம். கடைசியில் என்ன பாடினார்கள் என்று யாரிடமாவது போனில் கேட்டுக்கொள்வோம். 'ரசிகர்கள் வெகுவாக ரசித்தனர்' என்று எழுதி முடிப்போம். அந்த ரசிகர்களில் நாம் மட்டும் இருந்ததில்லை.

நான் எழுந்திருக்கவில்லை நண்பர்களே... கால் எழுந்தது. செருப்பு மாட்டியது. படி இறங்கியது. வாசலில், கையில் ஸ்கூட்டர் சாவியோடு நிற்கிறேன். எந்த ஆபீசுக்கு? ஓய்வு பெற்றவனுக்கு ஏது ஆபீஸ்?

பிலோமினா அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, படம் முடிஞ்சிருச்சா?"

"இல்லக்கா... ஓடுது."

"ஓடுதா!" அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப பெங்களூர்ல குளிருமா தம்பி? ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா?"

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு குரல். கணீரென்று ஒரு பெண் பாடுகிறாள். நான் என் ரசனையைக் காட்ட வேண்டாமா?

"கேட்டீங்களாக்கா? அந்தக் குழுவுல ஒரு பொண்ணு என்னமா பாடுறா!"

அக்கா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி... அது ரெஜினா. தினம் பாத்திரம் கழுவுறப்ப பாடுறதுதானே? உங்களுக்குத் தெரியாதா?"

ஊரில் எந்தக் குரலைக் கேட்டாலும் பேச்சாளர் யாரென்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக் குரலைக் கீழ்வீட்டுக்காரர் எனக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்!

ஓடினேன் மேலே. கதவில் நின்றேன். டிவியில் பாடகன் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டியிருக்கிறான். மைதானமே பாடுகிறது. எங்கள் ஹாலில் ரெஜினா இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுகிறாள். அப்படி ஒரு ரெஜினாவை நான் பார்த்ததே இல்லை.

அறிவுள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு நிற்பான். நான் என்ன செய்தேன்?

"ரெஜி... இந்தப் பாட்டு எந்த வருஷம் வந்துச்சு?"

பாட்டு நின்றது. கை இறங்கியது. கண் திறந்தது. டிவியில் மைதானம் பாடிக்கொண்டேயிருக்கிறது. அவள் சோபாவில் உட்கார்ந்தாள்.

"எம்பத்தாறு," என்றாள். "எழுதிக்கோங்க."

இப்போது உங்களிடம் வருகிறேன். தகவல் சேகரிப்பது வேறு, கவனிப்பது வேறு. சேகரிப்பவனுக்கு மூன்று பாட்டு போதும். கவனிப்பவன் கடைசி வரைக்கும் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் தினம் யாரோ பாடிக்கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

நேற்று அதே படத்தை மறுபடி போட்டாள். முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். கூட்டத்தை எண்ணவில்லை. ஆனால் அந்தப் பாட்டு வந்தபோது அவள் பாடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். நானும் எதுவும் கேட்கவில்லை. இன்று இந்தக் கூட்டம் முடியும் வரைக்கும் நான் எங்கேயும் போக மாட்டேன். ஸ்கூட்டர் சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

ஆக, மறுபரீட்சை செல்லுமா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நிலுவையில் இருப்பது டிக்கெட் மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் படத்தை மூன்றாவது முறை போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் இருக்கும்போது பாடுவாளா... அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.